ஒரு கிளிக், இரண்டு சத்தம்

ஒரு நாளைக்கு அறுபது பேரிடமாவது நான் கேட்கும் கேள்வி: "பேட்டரிய மாத்திப் பாத்தீங்களா?" அறுபதில் நாற்பது பேர் பொய் சொல்வார்கள். "எல்லாம் மாத்தியாச்சு மேடம், போன வாரம்தான் போட்டது" என்பார்கள். கழற்றிப் பார்க்கச் சொன்னால் உள்ளே பேட்டரி பொங்கி வழிந்திருக்கும். பதினாறு வருடமாக இதுதான் என் பிழைப்பு. கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் ஒரு கம்பெனியின் ஹெல்ப்லைனில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மவுஸ் மக்கர் பண்ணுகிறது, கீபோர்டு மக்கர் பண்ணுகிறது என்று கத்துகிறவர்களைச் சமாதானம் செய்கிறேன். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை அடக்குவதற்குத்தான் சம்பளம்.

எங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பேட்டரி. அடுத்து ரிசீவர், அதாவது கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் நகம் அளவு துண்டு. அது இரும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கக் கூடாது. அடுத்து மவுஸ் ஓடும் பரப்பு. கண்ணாடியும் பளபளப்பான பலகையும் ஆகாது. கடைசியில்தான் பட்டன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை ஒப்பிப்பேன். ஆனால் என் வீட்டில், என் அப்பாவின் விரலுக்குக் கீழே இருந்த மவுஸில் மட்டும், இதில் ஒன்றைக்கூட நான் மூன்று வாரம் செய்து பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்பாவுக்கு நான்கு மாதம் முன்பு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. பேச்சு போயிற்று. கழுத்து நிற்கவில்லை. இமைகள் தாமாக மூடித் தாமாகத் திறந்தன, அதை நம்பி எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. சொன்ன சொல் கேட்டது இடது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றுதான். "அவருக்கு எல்லாம் புரியுது. வெளிய சொல்லத்தான் வழியில்ல" என்றார் டாக்டர். வழி பண்ணிவிடலாம் என்று ஆபீசில் சும்மா கிடந்த ஒரு வயர்லெஸ் மவுஸை எடுத்து வந்தேன். எங்கள் சிஸ்டம் ஆள் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தார். மவுஸை ஒரு தடவை அழுத்தினால் லேப்டாப் ஒரு முறை 'டிங்' என்று ஒலிக்கும். அது 'ஆமாம்'. இரண்டு தடவை அழுத்தினால் இரண்டு முறை. அது 'வேண்டாம்'. அப்பாவின் விரல் நடுங்கிக் கூடுதலாக அழுத்திவிடும் என்பதால், இரண்டு ஒலித்ததும் புரோகிராம் கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொள்ளும். மூன்றாவதை எண்ணாது.

வேலையில் இருந்த காலத்தில் அப்பா டிரைவிங் லைசென்ஸ் பரீட்சை அதிகாரி. முப்பது வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்த கைகளைப் பார்த்து, "வேண்டாம், இறங்குங்க, அடுத்த மாசம் வாங்க" என்று சொன்னவர். பாஸ் போட்டதைவிடத் திருப்பி அனுப்பியதுதான் அதிகம். அதனால் வீட்டில் எதைக் கேட்டாலும் இரட்டைச் சத்தம் வந்தபோது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. மனுஷன் படுக்கையிலும் ஃபெயில் போடுகிறார் என்று சிரித்தேன்.

தம்பி பதினோரு வருடமாக அப்பாவின் கண்ணில் படாமல் இருந்தான். அது அப்பா போட்ட உத்தரவு. அம்மாவுக்குத் திடீரென்று வயிற்றுக்குள் ஏதோ வெடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அப்பா வெளியூரில் இருந்தார், போன் கிடைக்கவில்லை. உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். கூட இருந்தவன் தம்பி ஒருவன்தான். கையெழுத்துப் போட்டான். உள்ளே போன அம்மா உயிரோடு வெளியே வரவில்லை. மறுநாள் வந்து சேர்ந்த அப்பா, அத்தனை பேர் முன்னாலும், "என்னைக் கேக்காம எப்படிடா கையெழுத்துப் போட்டே?" என்று கேட்டார். தம்பி பதில் சொல்லவில்லை. "இனிமே என் கண்ணு முன்னாடி நிக்காதே" என்றார். அவனும் நிற்கவில்லை. வேறு வேலை தேடிக்கொண்டு வேறு ஊருக்குப் போனான், கல்யாணம் செய்துகொண்டான், பிள்ளை பெற்றான். எனக்கு மட்டும் மாதம் ஒரு தடவை போன் செய்வான். "அவர் எப்படி இருக்காரு?" என்பான். அப்பா என்று சொல்ல மாட்டான்.

அப்பா படுத்த செய்தி கேட்டு ஆஸ்பத்திரி வராந்தா வரை வந்தவன், உள்ளே வராமலே திரும்பினான். "அவர் வைராக்கியம் கொஞ்சம் குறையட்டும்" என்று நான்தான் அனுப்பி வைத்தேன். பிறகு டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனி மாதக் கணக்கு இல்லை, வாரக் கணக்குத்தான் என்றார். அதைக் கேட்டதும் தம்பி ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் பிடித்து வந்துவிட்டான். அறைக்கு வெளியே, கட்டிலில் இருந்து தெரியாத இடத்தில், சுவரில் சாய்ந்து நின்றான். நான் உள்ளே போய்க் குனிந்து கேட்டேன்.

"அப்பா, தம்பி வந்திருக்கான். உள்ள வரட்டுமா?"

டிங், டிங்.

அவன் காதிலும் விழுந்தது. "சரிக்கா" என்று சொல்லிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டான். கயிற்றைக்கூடக் கட்டவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தான், அதே டிங் டிங். மூன்றாவது ஞாயிறும் அப்படியே. அன்று படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "அடுத்த வாரம் நாலு மணிக்கு வரேன். கடைசியா ஒரே ஒரு தடவ கேளு. அப்பவும் வேண்டாம்னுட்டா இனி வந்து தொந்தரவு பண்ணல. சாகுற நேரத்துல மனுஷன என் மூஞ்சியக் காட்டிக் கஷ்டப்படுத்தக் கூடாது."

அந்த நான்காவது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான், அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் சமையலறைக்கே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், இந்த மவுஸ் என் உயிர வாங்குது. ஐயா அழுத்துறாரு, சத்தமே வரல. ஸ்க்ரீன்ல அம்புக்குறி அதுவா ஓடுது, நிக்குது, மறுபடி ஓடுது. அடியில லைட்டு மினுக் மினுக்குனு அணையுது. நீங்க ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் ரிப்பேர் சொல்றீங்க. நம்ம வீட்டையும் கொஞ்சம் பாருங்களேன்."

"பேட்டரிய மாத்திப் பாத்தீங்களா?" என்று வாய் தானாகக் கேட்டது.

"மாத்தினேனே! போன வாரமே மாத்திட்டேன்."

"எந்த பேட்டரி போட்டீங்க?"

சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைக் காட்டினார். கடிகாரம் பத்தே காலில் நின்றிருந்தது. எத்தனை நாளாக நின்றிருந்ததோ. கடிகாரத்தில் மூன்று வருடம் உழைத்து ஓய்ந்த பேட்டரியைப் பிடுங்கி மவுஸில் போட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு ஜோடி புது பேட்டரி வாங்கி வந்தேன்.

அப்பாவின் விரலை மெல்ல எடுத்துப் படுக்கையில் வைத்துவிட்டு மவுஸைத் திருப்பினேன். மூடியைத் தள்ளினால் வரவில்லை. கத்தி முனையால் நெம்பியதும் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. பேட்டரி கசிந்து ஸ்பிரிங் முழுக்கப் பூத்திருந்தது. பஞ்சை வினிகரில் தொட்டுத் துடைத்தேன், உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றினேன், பென்சில் ரப்பரால் தேய்த்துத் தகட்டைப் பளிச்சென்று ஆக்கினேன். கூட்டல், கழித்தல் அடையாளம் பார்த்துப் புதுப் பேட்டரியைப் போட்டதும் அடியில் சிவப்பு வெளிச்சம் நிலையாக எரிந்தது. அடுத்து ரிசீவர். லேப்டாப் இரும்புக் கட்டிலுக்குக் கீழே, மருந்துப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது. எந்த வாடிக்கையாளராவது இப்படி வைத்திருந்தால் மனசுக்குள் திட்டியிருப்பேன். மேலே தூக்கி ஸ்டூலில் வைத்தேன். மவுஸ் இருந்த சாப்பாட்டுத் தட்டுப் பலகை கண்ணாடி போலப் பளபளத்தது. அதன் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினேன். அம்புக்குறி சொன்னபடி நடந்தது.

"பாத்தீங்களா, அஞ்சு நிமிஷ வேலை" என்றேன் சிஸ்டரிடம்.

சோதித்துப் பார்க்க ஒரு தடவை அழுத்தினேன்.

டிங், டிங்.

என் விரல்தான் தவறி இரண்டு முறை அழுத்திவிட்டது என்று நினைத்தேன். மறுபடி, மெதுவாக, ஒரே ஒரு தடவை. டிங், டிங். இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தி, விடாமல் வைத்திருந்து, பிறகு எடுத்தேன். டிங், டிங்.

 இந்தப் பழுது எனக்குப் புதிதல்ல. ஹெல்ப்லைனில் வாரத்துக்கு நாலு பேராவது சொல்வார்கள். பட்டனுக்குக் கீழே இருக்கும் மெல்லிய தகடு தளர்ந்துவிட்டால், ஒரு அழுத்தலை அது இரண்டாகச் சொல்லும். பேட்டரி மாற்றினால் தீராது. நாங்கள் அவர்களிடம் கேட்கும் கேள்வி இரண்டு. மவுஸ் கீழே விழுந்ததா? எப்போதிலிருந்து இப்படி?

"சிஸ்டர், இது எப்பவாவது கீழ விழுந்துச்சா?"

"நான் வேணும்னு போடல மேடம்" என்றார் பயந்துபோய். "பெட்ஷீட் மாத்தறப்ப தட்டிவிட்டேன். நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

சிஸ்டர் ஒன்றையும் மறைக்கிற ஆள் இல்லை. அப்பாவிடம் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் வந்த பதிலையும் தேதி போட்டு நோட்டில் எழுதுவார். எடுத்துப் புரட்டினேன். ஆறாம் தேதி வரை ஆமாமும் வேண்டாமும் கலந்து கலந்து இருந்தன. ஆறாம் தேதி சாயங்காலம், 'மவுஸ் விழுந்தது, உடையவில்லை' என்று இருந்தது. அதற்குப் பிறகு மூன்று வாரத்தில் ஒரு 'ஆமாம்' கூட இல்லை. 'ஜன்னல் திறக்கட்டுமா? வேண்டாம். திறந்தேன், முகம் தெளிந்தது.' 'தண்ணீர்? வேண்டாம். கொடுத்தேன், குடித்தார்.' 'டிவி? வேண்டாம். மேடம் போட்டார்கள், பார்த்தார்.' எல்லாப் பக்கமும் இப்படியே.

தம்பி முதலில் வந்தது ஒன்பதாம் தேதி.

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். டிவி வேண்டாம் என்று வந்தபோது நான் என்ன சொன்னேன் என்பது நன்றாக ஞாபகம் இருந்தது. "அவர் குழம்பிப்போய் அழுத்துறார்" என்று சொல்லி டிவியைப் போட்டேன். தண்ணீர் வேண்டாம் என்றபோதும் அதையேதான் சொன்னேன். தம்பி வேண்டாம் என்றபோது மட்டும், "அவர் முடிவு பண்ணிட்டார்" என்று சொன்னேன். அதே விரல், அதே மவுஸ், அதே சத்தம். அந்த மூன்று ஞாயிறும் இரண்டு முறை ஒலித்த பிறகும் அப்பா அழுத்திக்கொண்டே இருந்தார். விரல் நகம் வெளுக்க வெளுக்க அழுத்தினார். புரோகிராம் காதைப் பொத்திக்கொண்டு இருந்தது. கோபத்தில் குத்துகிறார் என்று நான் தம்பியிடம் சொன்னேன்.

பதினாறு வருடம் போனில் கேட்டே பழுது கண்டுபிடிப்பவள் நான். பக்கத்தில் நின்று பார்த்தும் தெரியவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தெரிந்தது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவைச் சேர்த்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி எனக்குப் போன் செய்தான். நான் சீட்டில் இருந்தேன். இன்னொரு காதில் யாரோ ஒருவர் கீபோர்டைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். "அக்கா, கையெழுத்துப் போடச் சொல்றாங்க. அப்பா கிடைக்கல. எனக்குக் கை ஓடல. என்ன பண்ண?" என்று கேட்டான். "போடுடா, யோசிக்காதே. டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று சொல்லி வைத்துவிட்டேன். போட்டான். அந்தப் பேச்சு ஒரு நிமிஷம்கூட இருக்காது.

போடச் சொன்னது தப்பு என்று நான் இன்றும் நினைக்கவில்லை. போடாவிட்டாலும் அம்மா பிழைத்திருக்க மாட்டாள். தப்பு அதற்கு மறுநாள் நடந்தது. "என்னைக் கேக்காம எப்படிடா" என்று அப்பா கேட்டபோது தம்பி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பதினோரு வருடம் போனில்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவன் உள்ளே வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால், அந்தப் பேச்சு எப்படியாவது வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். அப்பாவுக்கு இருப்பது நான் ஒருத்திதான் என்ற பெருமையும் சேர்ந்துகொண்டது. இரட்டைச் சத்தம் என்னைக் காப்பாற்றியது. அதனால் அதைச் சோதிக்கவில்லை.

"என்ன மேடம், சரியாயிடுச்சா?" என்று சிஸ்டர் கேட்டார்.

ஆயிற்று என்று சொல்லியிருக்கலாம். பேட்டரி மாற்றியாகிவிட்டது, அம்புக்குறி ஓடுகிறது, சத்தம் தவறாமல் வருகிறது. இதற்கு மேல் யாரும் கேட்கப் போவதில்லை. நாலு மணிக்கு ஒரு கேள்வி, டிங் டிங், தம்பி படியிறங்கிப் போய்விடுவான். எல்லாம் முடிந்துவிடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மவுஸைக் கையில் வைத்துக்கொண்டு இதை நான் யோசித்தேன். ஒரு நொடி இல்லை, சிஸ்டர் கஞ்சி காய்ச்சி எடுத்து வரும் வரை யோசித்தேன்.

பிறகு திரும்பி அப்பாவைப் பார்த்தேன். மவுஸ் இல்லாத வெறும் படுக்கை விரிப்பை அவருடைய விரல் அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்தியது, எடுத்தது. ஒரே ஒரு தடவை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஒரே ஒரு தடவை. நான் எதுவுமே கேட்கவில்லை, அவர் பாட்டுக்கு ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

புது மவுஸ் கிடைக்கும் வரை இந்தப் பழுதுக்கு நாங்கள் சொல்லும் உபாயம் ஒன்று உண்டு. லேப்டாப்பில் அமைப்பை மாற்றி, இடது பட்டனின் வேலையை வலது பட்டனுக்குக் கொடுத்துவிடுவது. மாற்றினேன். வலது பட்டனை அழுத்தினேன். டிங். காத்திருந்தேன். இன்னொன்று வரவில்லை. பத்து தடவை அழுத்தினேன், பத்தும் ஒற்றை. அப்பாவின் இடது கையை எடுத்து அதன் மேல் வைத்தபோதுதான் இன்னொன்றும் உறைத்தது. இடது கையை மவுஸில் வைத்தால் ஆள்காட்டி விரல் தானாக வலது பட்டனில்தான் உட்காரும். இத்தனை நாளும் நான் அவருடைய மணிக்கட்டைத் திருகி, எட்டாத பட்டனில் அந்த விரலை வைத்திருக்கிறேன். இப்போது கை நேராகப் படிந்தது.

சரிபார்க்கும்போது பதில் தெரிந்த கேள்வியைத்தான் கேட்க வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். "அப்பா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?" டிங். "நீங்க டாக்டரா?" டிங். பிறகு ஒரு சின்ன இடைவெளி விட்டு, டிங். "சிஸ்டர் வேலை செஞ்சுக்கிட்டே பாடுற பாட்டு நல்லா இருக்கா?" யோசிக்காமல் இரண்டு முறை அழுத்தினார். "ஐயா, இவ்வளவு நாளா கேட்டுட்டு இப்ப சொல்றீங்களா!" என்று சிஸ்டர் சிரித்தார். அப்பாவின் வாயோரம் லேசாக இழுத்துக்கொண்டது. நான் சிரிக்கவில்லை. 

"அப்பா, தம்பி வந்தா..."

முடிக்கும் முன்பே டிங். இன்னொன்று வருமா என்று நான் லேப்டாப்பையே பார்த்தேன். வரவில்லை.

"போன மூணு வாரமும் இதத்தான் சொன்னீங்களா?"

டிங்.

நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

நாலு மணிக்குத் தம்பி வந்தான். முகத்தை மழித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தான். வழக்கம்போல் சுவரில் சாய்ந்து நின்றான். "கேளு" என்றான். கேட்க வேண்டாம், உள்ளே வா என்றேன். அவன் நகரவில்லை. அதனால் அவன் காதில் விழும்படி வாசலில் நின்றே கேட்டேன்.

"அப்பா, தம்பி உள்ள வரட்டுமா?"

டிங்.

தம்பி தலை குனிந்தபடி இரண்டாவதுக்காகக் காத்திருந்தான். ரொம்ப நேரம் காத்திருந்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"மவுஸ் பழுதுடா" என்றேன். "ஒரு தடவ அழுத்தினா ரெண்டு தடவ விழுந்திருக்கு. மூணு வாரமும் அவர் உன்னைக் கூப்பிட்டுட்டுத்தான் இருந்திருக்காரு."

அவன் கண் நிறைந்துவிட்டது. "விடுக்கா. மெஷின் பண்ணின தப்புக்கு நீ என்ன பண்ணுவ" என்று சொல்லி என் தோளைத் தட்டினான். ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். பதினோரு வருடத்துக்குப் பிறகு அவர் கண்ணெதிரே போய் நின்றான். அப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது எந்தச் சொல்லும் இல்லை. தம்பி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அப்பா" என்றான். லேப்டாப் டிங் டிங் என்று ஒலித்து, காதைப் பொத்திக்கொண்டு, மறுபடி ஒரு டிங் போட்டு ஓய்ந்தது. அப்பா எதையும் எண்ணி அழுத்தவில்லை. தம்பி அந்தக் கையை மவுஸோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தன் பெண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். ஏழு வயதாம், உங்களை மாதிரியே யார் எதைக் கேட்டாலும் முதலில் முடியாது என்பாளாம்.

நான் வாசலிலேயே நின்றேன். மெஷின் மேல் பழியைப் போட்டு அவன் என்னை விட்டுவிட்டான். அன்றைக்கும் அப்படித்தான் விட்டான். இன்றும் வாயை மூடிக்கொண்டால் எனக்கு எந்தச் சேதமும் இல்லை. ஆனால் அப்பாவுக்கு வாரக் கணக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். இன்று சொல்லாவிட்டால் பிறகு எப்போதுமே சொல்ல முடியாது.

"மெஷின் மட்டும் இல்லடா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் உள்ளே போய்க் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. தண்ணி வேண்டாம்னாலும் குடிக்கிறாரு, டிவி வேண்டாம்னாலும் பாக்குறாரு. தெரிஞ்சும் நான் பாக்கல."

தம்பி பேச்சை நிறுத்தி, அப்பாவின் கையை விட்டான். நான் எங்கே போகிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, வேண்டாம்" என்றான்.

"அப்பா, அன்னைக்கு இவன் எனக்குப் போன் பண்ணினான். கையெழுத்துப் போடவான்னு கேட்டான். போடச் சொன்னது நான். நீங்க அத்தனை பேர் முன்னாடி இவனத் திட்டினப்போ நான் பக்கத்துலயேதான் நின்னேன். சொல்லல. இவனும் என்னைக் காட்டிக் குடுக்கல."

 சிஸ்டர் மருந்துக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றுவிட்டார். அப்பாவின் கண் என் மேல் இருந்தது. அந்த இமைகள் மூடின, திறந்தன. அதில் எனக்கு எதுவும் படிக்கத் தெரியவில்லை. விரல் மவுஸின் மேல் சும்மா இருந்தது. நான் எதையும் கேட்கவில்லையே, அவர் எதற்குப் பதில் சொல்வார்? மன்னிப்பீங்களா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்கு ஆமாம் என்று ஒரு சத்தத்தை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது? தம்பியைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாடை இறுகியிருந்தது. பதினோரு வருடக் கோபம் அவனுக்கு அப்போதுதான் வந்தது போலிருந்தது.

"நான் வெளிய போயிடவா அப்பா?" என்று கேட்டேன்.

விரல் இறங்கியது. டிங்.

சரி என்று கட்டில் கம்பியை விட்டேன். திரும்பி ஒரு அடி வைத்திருப்பேன். பின்னால் விரல் எழும்பி, நடுங்கி, மறுபடி கீழே இறங்க எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. எனக்கு அது மிக நீளமாக இருந்தது.

டிங்.

நான் கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றேன். தம்பியும் எண்ணியிருக்க வேண்டும். அவன் என்னைப் பார்க்கவில்லை. காலை நீட்டி, கட்டிலுக்குக் கீழே இருந்த முக்காலியை என் பக்கமாகத் தள்ளிவிட்டான்.